ரத்துக்கு ‘ஆமாம்’

ஓக்லாந்தில் ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒடெஸா, இரண்டு வாரமாக வாக்குக் கேட்டுத் தெருத்தெருவாகப் போகிறாள். மணியடிக்கக் கூச்சம். துண்டறிக்கையைக் கதவிடுக்கில் செருகிவிட்டு நழுவிவிடுவாள். வாடகைக்கு உச்சவரம்பு வைக்கக்கூடாதென்ற பழைய சட்டத்தை ரத்து செய்யத்தான் இந்த மக்கள் வாக்கெடுப்பு. கறுப்பர்களும் மெக்ஸிகோக்காரர்களும் வாழும் அவள் தெருவில் ஒன்பது குடும்பங்கள் வாடகை தாங்காமல் ஏற்கெனவே காலி செய்துவிட்டன.

அன்று செருகும்போதே கதவு திறந்தது. சர்ச்சில் பாதிரியாருக்கு உதவும் டீக்கன் டிப்ஸ், தபால் வாக்கு உறையை ஒட்ட நாக்கை நீட்டியபடி நின்றார்.

“கவலப்படாத தங்கச்சி, ‘வேணாம்’னு போட்டுட்டேன். வாடகை வரம்பையா ரத்து பண்ணப் பாக்குறானுங்க?”

ஒடெஸா கையை நீட்டித் தடுத்தாள். “ஐயோ அண்ணே, ஒட்டாதீங்க! வரம்பு வைக்க விடாம பூட்டுப் போட்டிருக்காங்க. அந்தப் பூட்டை உடைக்கலாமான்னு கேக்குறாங்க. நீங்க வேணாங்கிறீங்க!”

டீக்கன் நாக்கை உள்ளே இழுத்தார். “அடக் கடவுளே! ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லாரையும் ‘வேணாம்’னு போடச் சொல்லிட்டேனே!”

“வேற வாக்குச்சீட்டுக் கேட்டா தருவாங்க அண்ணே. அனுப்பாதவங்களுக்கு உடனே சொல்லுங்க.”

“நான் சொன்னா இனி எவன் நம்புவான்? அந்தப் பூட்டுக் கதைய நீயே சொல்லு. மேல் மாடியில நம்ம சர்ச் ஹேட்டி இருக்கா, உறை ஒட்ட அவளுக்கு நாக்கு என்னைவிட வேகம்!”

ஒடெஸா இரண்டிரண்டு படியாக ஏறி, ஹேட்டி வீட்டு மணியை விடாமல் அழுத்தினாள்.