போட்டோவில் இல்லாத தாடி

தொண்ணூறுகளில், காட்டில் ஒரு சந்தனக் கடத்தல்காரனைப் போலீஸ் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த காலம். நாங்கள் மைசூரில் ஊருக்கு வெளியே ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு நஞ்சன்கூட்டில் ஃபாக்டரி வேலை. கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம், காட்டோரமாக இருக்கும் ஹனூரில் படுத்த படுக்கையாகக் கிடந்த என் மாமனாரைப் பார்க்க வாரம் தவறாமல் போய்வருவார்.

திரும்பி வரும்போது மைசூருக்குள் நுழைகிற இடத்தில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்துவார்கள். கொள்ளேகால் பக்கத்துத் தமிழன் என்று தெரிந்தால் போதும், "கெளகே இளி" என்று இறக்கிவிடுவார்கள். பையைத் தரையில் கொட்டிக் கிளறுவார்கள். அதற்குள் பஸ் போய்விடும். கன்னடம் எங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் பெயரையும் ஊரையும் கேட்டதும் அது ஒன்றுக்கும் உதவாது. நானும் கூடப் போகும் நாட்களில், பஸ்ஸில் தமிழில் பேசாதே என்று எனக்கு அவர் உத்தரவு. புருஷனும் பெண்டாட்டியும் சண்டைக்காரர்கள் மாதிரி வாய் திறக்காமல் வருவோம். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

எங்கள் தெருக்காரர்கள் நடையாய் நடந்து முறையிட்டதில், புதிதாக வந்த ஓர் அதிகாரி கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார். நல்ல மனிதர்தான். நடந்தது தப்பு என்று மேடையிலேயே ஒத்துக்கொண்டார். இனி பாஷையை வைத்து யாரையும் இறக்கமாட்டார்கள், உங்களுக்கெல்லாம் ஸ்டேஷன் முத்திரையோடு அடையாள அட்டை தருகிறோம், காட்டினால் விட்டுவிடுவார்கள் என்றார். நானும் கை தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எதிர்வீட்டுக் கன்னடக்காரருக்கு இந்த அட்டை கிடையாது. நல்லவர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு திரிய வேண்டியது நாங்கள் மட்டும்தான்.

ஆனாலும் வாங்கினோம். வாங்காமல் எப்படி இருப்பது? போட்டோவுக்காக என் வீட்டுக்காரர் மழமழவென்று சவரம் செய்து, பவுடர் பூசி, மாப்பிள்ளை மாதிரி ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்தார்.

பிறகு நான் உண்டானேன். அதற்கு முந்தைய குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. எங்கள் பக்கம் மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. முதல் தடவை அவர் அதைச் சட்டை செய்யவில்லை. இந்தத் தடவை யாரும் சொல்லாமலேயே ரேசரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். ஏழாம் மாதத்தில் முகமெல்லாம் தாடி, ஆளே அடையாளம் தெரியவில்லை.

"ஏனுங்க, இந்த மூஞ்சியோட பஸ்ஸுல போனா சும்மா விடுவானுங்களா? எடுத்துப்போடுங்க" என்றேன்.

"இந்தக் கொழந்தையாவது தங்கோணுமல்ல? கார்டு இருக்குது, நீ பேசாம இரு."

எட்டாம் மாதத்தில் ஹனூருக்குப் போனவர் திரும்பவில்லை. மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். பஸ்ஸிலிருந்து இறக்கி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அட்டையில் இருக்கிற ஆள் இவரில்லையாம், யாருடைய அட்டையையோ திருடிக்கொண்டு காட்டிலிருந்து வந்திருக்கிறாராம். அட்டையே இல்லாவிட்டால் பழையபடி நாலு கேள்வி கேட்டு அனுப்பியிருப்பார்கள்.

வயிற்றைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கம்பிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தாடி ஏன் என்று இன்ஸ்பெக்டருக்குக் கன்னடத்தில் விளக்கினேன். அவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"நம்புகிறேன் அம்மா. ஆனால் மேலே நான் பதில் சொல்ல வேண்டும். சவரம் செய்து போட்டோவோடு ஒத்துப்பார்க்கிறேன். சரியாக இருந்தால் இப்போதே கூட்டிப் போங்கள். முடியாது என்றால் விசாரணை முகாமுக்கு அனுப்ப வேண்டியதுதான்."

முகாமுக்குப் போனவர்கள் எந்தக் கோலத்தில் திரும்பினார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். இருந்தும் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எனக்குப் பயத்தில் அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"எனக்கு நீங்க வேணுமுங்க!" என்று அந்த ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி தமிழில் கத்தினேன்.

எதிர்க்கடை சலூன்காரரைக் கூட்டிவந்தார்கள். முற்றத்தில் ஸ்டூல் போட்டு அவரை உட்காரவைத்தார்கள். தாடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். முடிந்ததும் ஒரு கான்ஸ்டபிள் அட்டையை அவர் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்து, "சரியாகிதெ" என்றார். இன்ஸ்பெக்டர் என்னிடம் மன்னிப்புகூடக் கேட்டார். ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான்.

"அசையுதா?"

அசைகிறது என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டார்.

மகள் சுகமாகத்தான் பிறந்தாள். ஆனால் அவளுக்கு லேசாக உடம்பு சுட்டால் போதும், மனிதர் கை மோவாய்க்குப் போய்விடும். டாக்டர் சொல்வது காதில் ஏறாது. "அன்னிக்கு நான் தலைய நீட்டியிருக்கக் கூடாது" என்று கட்டில் ஓரமாகவே உட்கார்ந்திருப்பார். அவருக்காகக் கத்திய எனக்கு அதைக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸை நிறுத்துவது எப்போதோ நின்றுவிட்டது, அட்டைகளும் செல்லாமல் போயின. மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். போன வாரம் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது இரண்டு தடவை இருமினாள். நான் இவர் பக்கம் திரும்பாமல் பேசிக்கொண்டிருந்தேன். கை எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.