திங்கட்கிழமைச் சர்க்கரைப் பொட்டலங்கள்

இருபது சர்க்கரைப் பொட்டலங்களையும் மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டு, பதினொன்றாவதைத் தூக்கி ஒன்பதாவதுக்கு மேலே வைக்கிறார் மார்லிஸ் அக்கா. தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார். மனசு ஒப்பவில்லை. பழைய இடத்துக்கே கொண்டுவருகிறார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கல்லூரியின் பெயர் எழுதியிருக்கும். ரூடியின் ரொட்டிக் கடைக்குத் திங்கள் காலையில் வருகிற யாரும் அந்த மேசையிலிருந்து சர்க்கரை எடுப்பதில்லை. ஒரு தடவை வெளியூர் லாரிக்காரர் ஒருவர் தெரியாமல் ஒன்றைப் பிரித்துக் காப்பியில் கொட்டிவிட்டார். "நாலாவது எடத்த குடிச்சிட்டீங்களே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அக்கா புதுப் பொட்டலத்தில் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

வயது அறுபத்தொன்று. எங்கள் ஊர் வானொலியில் முப்பத்தோரு வருடமாகக் கல்லூரி ஐஸ் ஹாக்கிக்கு வர்ணனை. வலது கைக்குப் பச்சைக் கையுறை, இடது கைக்குச் சாம்பல். ஜோடியை எங்கேயோ தொலைத்துவிட்டு, "கை என்ன, ரெண்டும் ஒண்ணா பேசிக்கிட்டா இருக்கு?" என்பார். எந்த அணி கோல் போட்டாலும் வானொலியில் குரல் ஒரே மாதிரிதான் வரும். ஆனால் நம் ஊர்க் கல்லூரிப் பையன்கள் போட்டால் மட்டும் மேசையில் ஒரு தட்டு விழும். அந்த 'டொக்'குக்காகவே அடுப்படியில் வானொலியைச் சத்தமாக வைத்திருப்பவர்கள் இங்கே பாதிப் பேர்.

நாடு முழுக்க ஐம்பது பேர் வாரா வாரம் சிறந்த இருபது கல்லூரி அணிகளை வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். அவர்களில் அக்காவும் ஒருவர். பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மதியம் மொத்தப் பட்டியல் வரும். இருபதுக்குக் கீழே அதில் எண் கிடையாது. இந்தப் பட்டியலால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். கடைசிப் பெரிய போட்டிக்கு யார் போவது என்பதைக் கணினிக் கணக்குதான் முடிவு செய்கிறது. அதற்கு அக்காவின் பொட்டலங்களைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

ரூடிக்கு மட்டும் கவலை உண்டு. நம் கல்லூரி பட்டியலில் வந்தால் கடையின் பெரிய கண்ணாடியில் வெள்ளைச் சாயத்தால் ஆளுயரத்துக்கு எண் எழுதுவான். பதினோரு வருடம் வெறுங்கண்ணாடி. போன மாதம்தான் '20' ஏறியது. அன்றைக்கு ஊரே வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. நானும்தான்.

போன சனிக்கிழமை நம் பையன்கள், கடைசியில் கிடக்கிற அணியிடம், சொந்த ஊரிலேயே நாலுக்கு ஒன்று என்று தோற்றுத் தொலைத்தார்கள். வருகிற சனிக்கிழமை இந்தப் பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம். படிப்பு முடிக்கிற ஏழு பையன்களின் அப்பா அம்மாக்கள் தொலைவிலிருந்து வருகிறார்கள். அவர்கள் வரும்போது கண்ணாடியில் எண் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய ஆசையும்.

"கடைசி எடம் ஒண்ணு குடுங்கக்கா, போதும்" என்றான் ரூடி, ஏலக்காய் ரொட்டியை வைத்துவிட்டு. பொட்டல வரிசையில் நம் கல்லூரி இல்லை. அது காப்பிக் கோப்பைக்குப் பின்னால், தனியாக, கவிழ்ந்து கிடந்தது.

பனித்தரையைச் சீவுகிற வண்டி ஓட்டும் வெண்டெல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "இந்தப் பட்டியல் எதுக்காவது உதவுதா மார்லிஸ்? நீயே சொல்லு."

"ஒண்ணுக்கும் உதவாது."

"அப்ப போட்டுட்டுப் போயேன். யார் குடி முழுகப்போகுது?"

"ஒண்ணுக்கும் உதவாததுக்கு நீ ஏன் காலங்காத்தால வந்து உக்காந்துருக்க?"

வெண்டெல் தாடியைச் சொறிந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் ஓட்டு ரூடி பக்கம்தான், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அக்கா ரொட்டியைக் காப்பியில் தோய்த்தார். "ஒரு வருசம் போட்டேன். தோத்த வாரம், பாசத்துல, பதினஞ்சுன்னு. நாடே சிரிச்சுது, அது போகட்டும். அப்ப கேப்டனா இருந்த பையன் இதே கதவத் தள்ளிட்டு வந்தான். 'அன்னிக்கு நாங்க எப்படி ஆடினோம்னு எங்களுக்குத் தெரியும் மேடம், இது வேணாம்'னான். மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல எனக்கு."

கவிழ்ந்த பொட்டலத்தை அக்கா எடுத்து, இருபதாவதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டியலை அனுப்பினார்.

மதியம் முடிவு வந்தது. நம் கல்லூரி இல்லை. அக்கா ஓட்டுப் போட்டிருந்தாலும் வந்திருக்காது. கடைசி இடத்துக்கு ஒரு புள்ளிதான்; நம் கல்லூரியோ பத்துப் புள்ளி பின்னால், இருபதாவதுக்கு அடுத்ததாக நின்றது. ரூடி வெந்நீர் வாளியையும் துணியையும் கண்ணாடி ஓரம் வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டான். ஒரு மணி நேரமாகியும் வரவில்லை.

அக்காவே எழுந்தார். கையுறை இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தார். துணியை நனைத்துப் பிழிந்து, எக்கி நின்று, இருபதின் சுழியை மட்டும் துடைத்தார். சுற்றிலும் ஒழுகிய வெள்ளையையும் சுத்தமாக எடுத்தார். பிறகு ரூடியின் தூரிகையைச் சாயத்தில் முக்கி, நின்றிருந்த இரண்டுக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்தார். எழுதி முடித்ததும் விரல் கணுவால் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினார். டொக்.