துண்டோடு நிறுத்த குழந்தை

பிரசவ வார்டில் அவளுக்குத் தராசு அக்கா என்றுதான் பெயர். பதினெட்டு வருட நர்ஸ் வேலையில் பச்சைக் குழந்தைகளை நிறுத்து நிறுத்துக் கை பழகி, வீட்டில் கணவர் பூசணிக்காய் வாங்கி வந்தாலும், "ரெண்டே கால் கிலோ, நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்பாள். அவள் எழுதிய எடையை யாரும் மறுத்ததில்லை. அதில் அவளுக்குத் தலைக்கனமும் உண்டு.

அன்று காலை அந்தத் தலை கொஞ்சம் கவிழ்ந்தது. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த பெண் குழந்தை, மூன்றாம் நாளில் இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது. நூற்றுக்குப் பன்னிரண்டு குறைவு. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை முதல் நாட்களில் நூற்றுக்கு ஏழு வரை இளைப்பது சகஜம். பத்தைத் தாண்டினால் புட்டிப்பால் என்பது டாக்டரம்மாவின் சட்டம். உடம்பும் லேசாகச் சில்லிட்டிருந்தது.

"என் பால் பத்தலையாக்கா?" தாய்க்காரி விசும்பினாள். தன் பாலிலேயே வளர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள்.

"நான் அப்பவே சொன்னேன். யார் கேட்டா?" நாத்தனார் புட்டியைக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டினாள்.

குழந்தையோ மடக் மடக்கென்று குடித்தது. துணிகளை நனைத்துத் தள்ளியது. பட்டினி கிடக்கும் பிள்ளையின் லட்சணமா இது? தராசு அக்கா தகப்பனைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சார், பிறந்தன்னிக்கு நிறுத்தப்ப ஒரு தடித் துண்டு சுத்தியிருந்துச்சே?"

"நீங்க எடுக்கத்தான் போனீங்க. சளி பிடிக்கும்னு நான்தான் விடல."

துண்டை ஓடிப்போய் நிறுத்தாள். நூற்று எண்பது கிராம்!

பதினெட்டு வருடப் பெருமையை எச்சிலோடு விழுங்கிக்கொண்டு அவள் டாக்டரம்மா முன் நின்றாள். "தப்பு என்னுதுதான் டாக்டர். துண்டையும் சேர்த்துப் பிரசவம் பார்த்துட்டேன்."

டாக்டரம்மா சிரித்தபடி கணக்கைத் திருத்தினார். "அப்ப குறைஞ்சது ஆறரைகூட இல்ல. புட்டி வேண்டாம். அம்மா நெஞ்சோட ஒட்டிப் படுக்க வைங்க, சூடு தானா ஏறும்."

தகப்பன்தான் இடிந்துபோனார். "சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் மூணு கிலோன்னு சொல்லிட்டேனே!"

"மிச்ச நூத்தி எண்பது கிராமை நீங்க பெத்துக் குடுங்க," என்றாள் மனைவி, குழந்தையை மார்பில் சாய்த்தபடி.

ஒரு மணி நேரத்தில் பிஞ்சுப் பாதம் வெதுவெதுத்தது. நாத்தனார் புட்டியைப் பைக்குள் திணித்தாள்.