கிளட்ச் இல்லாத வண்டியும் ஜப்பார் பாயும்

வாயில் வெற்றிலைச் சாற்றைத் தேக்கிக்கொண்டு, வண்டியின் பின்தொட்டியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்கிறார் அப்துல் ஜப்பார். இனி அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வலக் கையைத் தூக்கி ஆட்டினால் வண்டி கிளம்ப வேண்டும். பேகம்பூரில் கிளம்பி மலைக்கோட்டை அடிவாரத்தைச் சுற்றித் திரும்பும்வரை, எத்தனை முறை கியர் மாறினாலும் அந்தச் சாறு வாயிலேயே நிற்க வேண்டும். ஏதாவது ஒரு குலுக்கலில் அது தொண்டைக்குள் இறங்கிவிட்டால் கியர் பாக்ஸ் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். பட்டறைக்குத் திரும்பியதும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

"காது பொய் சொல்லும், கை பொய் சொல்லும். தொண்ட சொல்லாது" என்பார்.

நிலக்கோட்டைப் பூ வேன்களில் முக்கால்வாசி அவர் கைபட்டவை என்பதால் ஓட்டுநர்கள் எல்லோரும் இந்தச் சோதனைக்குப் பழகிவிட்டார்கள். பழகாத ஒரே ஆள் அவர் மனைவி நசீம் பானு. சாறு தெறித்த சட்டையைத் துவைப்பது அவள்தானே. "ஊரு கியரெல்லாம் சரியாயிருச்சு, இவுக சட்டதான் ரிப்பேரு" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வாள்.

பாயிடம் இன்னொரு குணமும் உண்டு. தப்பை ஒப்புக்கொள்ளவே மாட்டார். அவர் பார்த்த கியரில் சத்தம் வந்தால் ரோடு மோசம். ரோடு நன்றாக இருந்தால் எண்ணெயில் கலப்படம். எண்ணெயும் சுத்தம் என்று நிரூபித்துவிட்டால் இதற்கு முன்னால் பார்த்த பட்டறைக்காரன் கெடுத்து வைத்தது. "என் கையில தப்பு வந்துச்சுன்னா, பேர்போன நம்மூருப் பூட்டா ஒண்ணு வாங்கிப் பட்டறையப் பூட்டிட்டுப் போயிருவேன்" என்று சவால் விடுவார். அந்தப் பூட்டை அவர் வாங்கும்படி இதுவரை யாராலும் செய்ய முடிந்ததில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் ஒரு பிக்கப் வண்டி ஆட்டிவைத்தது. வத்தலக்குண்டு சாலையில் இருக்கும் கன்னியர் மடத்துக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ நன்கொடையாக அனுப்பிய வண்டி. கியர் தானாகவே மாறிக்கொள்ளும். கிளட்சே கிடையாது. முதல் நாள் கதவைத் திறந்து காலடியைக் குனிந்து பார்த்த பாய், "மூணாவது மிதிய எங்க தொலச்சீக?" என்றுதான் கேட்டார். ஆனால் மறுநாள் பட்டறைப் பலகையில் ஒரு புது வரி பளபளத்தது: தானியங்கி கியரும் பார்க்கப்படும்.

கோளாறு இதுதான். கியர் மாறும்போதெல்லாம் வண்டி 'திடுக்'கென்று ஒரு குலுக்குக் குலுக்கும். மடத்துக் கோழிப்பண்ணையிலிருந்து முட்டை ஏற்றி வருகிற வண்டி அது. உடைந்த முட்டையெல்லாம் விடுதிப் பிள்ளைகளுக்கு ஆம்லெட்டானது. அந்தப் பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் குலுக்கல் பிடிக்கவில்லை.

பண்ணையைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர் கிளாரா சுற்றி வளைக்காமல் சொன்னார். "குத்தம் வண்டியில இருந்தா சரி பண்ணிக் குடுங்க. டிரைவர்கிட்ட இருந்தா மறைக்காமச் சொல்லிருங்க பாய். மதுரையில வேற ஆள் கேட்டு வச்சிருக்கோம்."

அந்த டிரைவர் கருப்பணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டி இடுப்பு போனவர். இனி எந்த லாரி முதலாளியும் அவரைச் சேர்க்கமாட்டார். அலையாய் அலைந்து பிடித்த வேலை இது. போனால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

பாய் வண்டிக்கடியில் படுத்தார். கியர் பாக்ஸிலிருந்த சிவப்பு எண்ணெய் தீய்ந்துபோய் நாறியது, மாற்றினார். எஞ்சினிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய் கிழிந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினார். ஆக்ஸிலேட்டர் கேபிளை ஒவ்வொரு மரையாக முறுக்கிப் பதம் பார்த்தார். பிறகு தாமே ஓட்டிப் பார்த்துவிட்டு, "சின்னாளபட்டிச் சேல நழுவுறாப்ல நழுவுது" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார்.

ஆனால் கருப்பணன் ஓட்ட, பாய் வெற்றிலையோடு பின்னால் உட்கார்ந்த முறையான சோதனையில், மலை அடிவாரம் வருவதற்குள் சாறு உள்ளே போய்விட்டது. திரும்பி வந்து பிரித்தார். மறுபடி போனார்கள். மறுபடியும் உள்ளே போனது. அன்று முழுக்க இதே கதைதான், பாய்க்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. ரோடு மோசம் என்றார். எண்ணெய் கலப்படம் என்றார். முன்னால் பார்த்த பட்டறைக்காரனைத் திட்டலாம் என்றால், வண்டி நேராகக் கப்பலில் இறங்கி வந்தது. தம் கைதான் தப்போ என்ற சந்தேகம் வாழ்க்கையில் முதல்முறையாக எட்டிப் பார்த்தது. அது அவருக்குத் தாங்கவில்லை.

"செத்த நேரம் நான் முன்னாடி வாரேன்" என்று கருப்பணன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அப்போதுதான் பார்த்தார். எஞ்சின் சத்தம் ஏறி கியர் மாறப்போகிற நேரத்தில் கருப்பணனின் இடக் கால் தானாக எழுந்து, இல்லாத கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது அகலமான பிரேக்.

"கருப்பணா, ஒன் எடது காலு என்ன பண்ணுது?"

"அது சும்மாதான பாய் இருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, மறுபடி ஒரு மிதி. வண்டியை ஓரங்கட்டினார்கள். இருவரும் குனிந்து, யாரோ மூன்றாவது ஆளைப் பார்ப்பதுபோல அந்தக் காலையே பார்த்தார்கள்.

"இம்புட்டு வருசமா கிளட்ச மிதிச்ச காலு" என்றார் கருப்பணன். "நான் சொல்லி எங்க கேக்குது? கொஞ்ச நாள் குடுத்தா அடக்கிருவேன் பாய்." பிறகு குரல் இறங்கியது. "சிஸ்டர்ட்ட சொல்லிருவீகளா?"

பாய்க்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கை சுத்தம், கியர் சுத்தம். பஸ் ஸ்டாண்டில் போய் நின்று கத்தலாம் போலிருந்தது. கருப்பணன் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் அப்படியே அடங்கிவிட்டது. "வண்டியப் பட்டறைக்கு விடு" என்றார்.

மறுநாள் காலை சிஸ்டர் கிளாராவே வந்தார். முட்டைத் தட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் ஏறினார். பாய் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, நீள சீட்டில் கருப்பணனை ஒட்டி நடுவில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. ஒரு கியர் மாறியது, இன்னொன்றும் மாறியது. முட்டைகள் ஒன்றோடொன்று உரசக்கூட இல்லை.

"நல்லாருக்கே" என்றார் சிஸ்டர். "ஆனா குழா மாத்தினப்புறமும் நேத்தெல்லாம் குலுங்குச்சாமே. அது யார் குத்தம்? வண்டியா, டிரைவரா?"

கருப்பணன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். பாய் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டும் இல்ல சிஸ்டர். கேபிள நாந்தேன் ஒரு மர கூட முறுக்கி வச்சிட்டேன். என் கைத் தப்பு."

கருப்பணன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ரோட்டப் பாத்து ஓட்டு, அப்பு" என்றார் பாய். எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பேகம்பூரில் கிளம்பியதிலிருந்தே கருப்பணனின் இடக் காலை மிதித்துப் பிடித்திருந்த தம் வலக் காலை, சிஸ்டருக்குத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.