ஊசியை மறைத்த உபவாசம்

எடை குறைக்க நான் எடுத்த முதல் மருந்து ஒரு மாத்திரை. சாப்பாட்டில் உள்ள கொழுப்பை உடம்பில் ஒட்டவிடாமல் வெளியே தள்ளிவிடும் என்றார் டாக்டர். எப்படித் தள்ளும் என்பதை அவர் சொல்லவில்லை. எங்கள் சர்ச் சபையார் கூடி உண்ணும் அசன விருந்தில் ஆட்டுக்கறியை ஒரு பிடி பிடித்துவிட்டு மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். மூன்றாவது பீரியடில் சேலையில் எண்ணெய்க் கறையோடு வீட்டுக்கு ஓடி வந்தேன். அத்தோடு மாத்திரைக்கு ஒரு முழுக்கு.

அடுத்தது ஊசி. வாரத்துக்கு ஒன்று, வயிற்றில் நானே குத்திக்கொள்வது. என்னோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர், கடலோர முட்டத்துக்காரி, அதே மாதம் வேறொரு ஊசி தொடங்கினாள். அவள் வீட்டில் மீன் இல்லாமல் அடுப்பு எரியாது. அவளுக்கோ மீன் வாடை பட்டாலே குமட்டல். "அவரு மீனு கழுவுனா நான் ரோட்டுல போயி நிக்கணும் மக்கா" என்பாள். மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டாள். நிறுத்தியதும் பசி வட்டியோடு வந்தது, குறைத்த எடை முழுதும் ஏறிவிட்டது.

எனக்குக் குமட்டல் இல்லை, அமைதிதான் இருந்தது. ஸ்டாஃப் ரூமில் யாராவது பிறந்தநாள் பலகாரம் வைத்தால், தட்டில் இன்னும் எத்தனை மிச்சம் என்று என் கண் தானாக எண்ணும். ஐம்பது வயதில் முதல்முறையாக அந்த எண்ணிக்கை நின்றது. பதிமூன்று கிலோ குறைந்தேன். பிளவுஸ்களையெல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன்.

தைத்துத் தந்தவள் எங்கள் சபைக்காரி, என்னைப் போலவே பருமன். அளவு எடுத்துவிட்டு நாடாவை இரண்டாம் முறையும் சுற்றிப் பார்த்தாள். "எப்டி டீச்சரே இவ்ளவு கொறஞ்சிய?"

உபவாச ஜெபத்துக்கு நான் தவறாமல் போகிறவள். "எல்லாம் ஜெபந்தான்" என்று சொல்லிவிட்டேன். ஊசி என்று சொல்ல வெட்கம். வாயைக் கட்டத் தெரியாதவள் காசு கொடுத்துக் கட்டிக்கொண்டாள் என்று பேசுவார்களே.

அந்தச் சொல் பெண்கள் ஐக்கியம் முழுக்கப் பரவியது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலமான லெந்து நாட்களின் கடைசி வாரக் கூட்டத்தில் உபவாசத்தைப் பற்றி நான் எல்லார் முன்பும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று முடிவே செய்துவிட்டார்கள். கள்ளனுக்குத் தேள் கொட்டினது போல இருந்தது எனக்கு. யாரிடம் போய்க் கத்த?

அப்போதுதான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். லெந்து தொடங்கும் சாம்பல் புதனோடு ஊசியை நிறுத்தினேன், டாக்டரிடம்கூடக் கேட்காமல். மருந்தில்லாமல் நாற்பது நாள் உபவாசம் இருந்துவிட்டால் சாட்சி உண்மையாகிவிடும் என்று கணக்கு. பொய்யைத் திருத்துவதை விட்டுவிட்டு, பொய்க்கு ஏற்றபடி என்னைத் திருத்தப் பார்த்தேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் பசி வந்தது. பழைய பசி இல்லை, அதன் அண்ணன். காலையிலும் மதியத்திலும் ஜெபித்துவிட்டு, சாயங்காலம் அடுக்களையில் நின்றபடியே அவித்த மரச்சீனிக் கிழங்கை மீன்குழம்பில் முக்கி முக்கித் தின்றேன். வயிறு வலித்தது, பசி போகவில்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். என் விரதம் பறந்தது. ஆறு கிலோ ஏறியது. தையல்காரியிடம் போக முகமில்லாமல் பிளவுஸ் தையலை நானே பிரித்தேன்.

"நீயுமா நிறுத்துன? எனக்க கதையப் பாத்த பெறவுமா?" என்றாள் கணக்கு டீச்சர்.

ஒன்று மட்டும் புரிந்தது. ஊசி போட்ட நாட்களில் எனக்கு இருந்த அமைதி, எங்கள் சபையின் மெலிந்த பெண்கள் பலருக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. அவர்கள் விரதம் இருப்பதும் நான் விரதம் இருப்பதும் ஒன்றல்ல. இதை நினைத்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. எத்தனை வருடம் இதைப் பேராசை, அடக்கமின்மை என்று சொல்லி ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

சாட்சிக் கூட்டத்துக்கு முன் தையல்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"டீச்சரப் பாத்து இந்த லெந்துக்கு நானும் ரெண்டு நேரம் சாப்பாட்ட விட்டேன். மெஷின்ல இருந்தா தல சுத்துது. ராத்திரி ஆனா பசி பொறுக்காம சட்டியோட எடுத்துத் திங்கேன். உங்களுக்கு உள்ள விசுவாசம் எனக்கில்ல."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தேன். ஊசியைச் சொன்னேன், நிறுத்தியதைச் சொன்னேன், நின்றுகொண்டு தின்றதையும் சொன்னேன். யாரும் "அல்லேலூயா" சொல்லவில்லை. செயலாளர் அம்மா அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார்.

கூட்டம் முடிந்து டீ கொடுத்தார்கள். தையல்காரி ஒரு பன்னை எடுத்து என் எதிரிலேயே நிதானமாகச் சாப்பிட்டாள்.

"அப்ப எனக்க பசி பாவமில்ல, இல்லியா?"

"இல்ல மக்கா."

இன்னொரு வாய் தின்றாள். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இத நீங்க அளவெடுத்த அண்ணைக்கே சொல்லியிருக்கலாம் டீச்சரே. நாப்பது நாளா நான் அழுதுட்டு இருந்தேன்."