முன்னால் நிற்க வேண்டியவள்

எனக்கு வலது கால் ஆளுங்கட்சி, இடது கால் எதிர்க்கட்சி. இப்படிப்பட்டவனை ஆட்டத்தில் சேர்த்ததற்கு ஒரே காரணம், எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள், ஏழு பேர்தான் கிடைத்தார்கள்.

தோட்டத்துத் தேயிலை ஆலைக்கு இயந்திரம் பொருத்த வந்தவரின் மனைவி கலீசியாக்காரர். ஸ்பெயினின் வடமேற்கு மூலை, ஓயாத மழை ஊராம். அதனால் எங்கள் மலையில் அவருக்கு மட்டும் குளிரவில்லை. அவர் கற்றுக்கொடுத்த ஆட்டத்துக்கு முய்ஞெய்ரா என்று பெயர். தண்ணீரில் ஓடும் மாவு ஆலையில், தங்கள் தானியம் அரைபடக் காத்திருந்தவர்கள் ஆடியதாம். பையில் காற்றடைத்து ஊதும் குழலிசை கைப்பேசியிலிருந்து வரும். அவர் கையில் கஞ்சிரா மாதிரி ஒன்று 'தகிட தகிட' என்று அதன்கூடவே ஓடும்.

சட்டம் ஒன்றுதான். முன்னால் நிற்பவர் ஓர் அடவு போட்டுக் காட்டுவார், மற்றவர்கள் அதை அப்படியே திருப்பி ஆட வேண்டும்.

முன்னால் நிற்க என் மனைவியைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் மலையூரான தானா ராத்தாவின் அரசாங்க அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக மற்றவர்கள் சொன்னதைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவள். கடைசிச் சுற்றுக்கு அவளே சொந்தமாக ஓர் அடவு கட்ட வேண்டும். மூன்று வாரம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினாள். நான் கதவைத் தட்டினால், "அங்கயே நில்லுங்க. மேடையில பாத்துக்கலாம் லா" என்பாள். அந்தக் குரலில் அத்தனை மிடுக்கை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

நான் பாடம் நடத்தும் தோட்டப் பள்ளியின் ஆண்டு விழாவில் எங்கள் ஆட்டம். கடைசி வரிசையில் நான் தடுமாறியதைப் பார்த்து என் மாணவர்கள் சிரித்தார்கள். சிரிப்புக் கேட்டால் எனக்குப் புத்தி நிற்காது. கடைசிச் சுற்றுக்கு அவள் கைகளை உயர்த்திய நேரம், அவளுக்கு முன்னால் குதித்து, குரங்குபோல விலாவைச் சொறிந்து ஆடினேன். மண்டபம் அதிர்ந்தது. ஆறு பேரும் அதைத் திருப்பி ஆடினார்கள். அவளும் ஆடினாள், ஓர் அசைவுகூடப் பிசகாமல். கைதட்டல் ஏறியது. அடுத்து வாத்து நடை. அதற்குள் இசை முடிந்துவிட்டது.

"சார், அடுத்த வருஷம் நீங்கதான் லீடர் லா!" என்றாள் ஆட்டக்காரி ஒருத்தி. வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

காரில் கேட்டேன்: "என்னைப் பிடிச்சுத் தள்ளியிருக்கலாமே?"

"முன்னாடி நிக்கிறவங்க ஆடுறதத்தானே ஆடணும்?"

அடுத்த மாதம் கலீசியாக்காரர் ஊர் திரும்பினார். ஆட்டமும் நின்றது.

போன வாரம் சமையலறையில் அவள் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், நறுக்கிக்கொண்டிருந்தாள். "அந்த அடவை எனக்காவது காட்டேன்" என்றேன்.

"ஏழு பேரு திருப்பி ஆடுனாத்தாங்க அது அடவு."

"ஏழு பேர் வேலையையும் நானே செய்றேன்."

அவள் சிரிக்கவில்லை. நான் கைகளை உயர்த்திக் காத்து நின்றேன். அடுப்பில் கடுகு வெடிக்கத் தொடங்கியது.

"ஓரமா நில்லுங்க," என்றாள். "எண்ணெ தெறிக்கும்."