வகுப்பறைக்குள் வந்த பாம்பு

சிதம்பரம் பள்ளி ஒன்றில் எங்கள் பல்கலைக்கழக ஆய்வு. பாம்பைக் கண்டால் என்ன செய்வது என்பது பாடம். டேப்லெட் கேமரா வழியாகப் பார்த்தால் வகுப்புத் தரையில், மென்பொருள் வரைந்த நல்லபாம்பு நெளிந்தது. பிள்ளைகள் அலறிச் சிரித்தபடி ஓடினார்கள். எனக்குக் கால் எழவில்லை.

நெல்லிக்குப்பத்தில் நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, பக்கத்துக் கரும்புக் கொல்லையிலிருந்து பாம்பு உள்ளே வந்துவிட்டது. டீச்சர் நாற்காலிமேல் ஏறிக்கொண்டார். எழப்போன என் முழங்காலை, கரும்பு வெட்டுகிறவர் மகள் செல்வி அழுத்திப் பிடித்தாள்.

"அசையாதடி. அதுவா போயிடும்."

பாம்பு அவளுடைய வெறும் பாதத்தின் மேல் ஊர்ந்து, நிதானமாக வாசலைத் தாண்டியது. அப்புறம்தான் அவள் அழுதாள்.

"ஓடுன புள்ளைங்களுக்கு மார்க் ஏறுது மேடம்," என்றான் டேப்லெட்டைப் பார்த்தபடி, அந்த மென்பொருளை எழுதிய என் மாணவன் குமரன்.

"நிறுத்து குமரா. தப்பா சொல்லிக் குடுக்குறோம்," என்றேன்.